கூரைக்குள் கிடக்கும் சனியன்

"தொடாதே" என்று சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். "இந்தா காசு, எடுத்துத் தொலை" என்று சொல்லத்தான் ஒருவரும் இல்லை.

டொரொன்டோவின் ஸ்காபரோ பக்கம் 1950களில் கட்டிய பங்களோ வீடு வாங்கிய பலருக்கு எதைச் சொல்கிறேன் என்று உடனே விளங்கும். சீலிங்குக்கும் கூரைக்கும் நடுவே இருக்கும் அட்டிக்கின் மூடியைத் தூக்கி டோர்ச் அடித்தால், மரச்சட்டங்களுக்கு நடுவே சாம்பலும் பொன்னும் கலந்த நிறத்தில் மினுங்கிக்கொண்டு சின்னச் சின்னக் கட்டிகள். வெர்மிகுலைட். மைக்கா இனத்துத் தாதுவைச் சூடாக்கிப் பொரித்தது, வீட்டுச் சூடு வெளியேறாமல் இருக்கப் போடும் இன்சுலேஷன். பையைப் பிரித்து அப்படியே கொட்டினால் வேலை முடிந்தது, அந்தக் காலத்தில் அவ்வளவு சுலபம். அதில் நுரையீரலைக் கெடுக்கும் அஸ்பெஸ்டஸ் நார் கலந்திருக்கலாம் என்பதுதான் இப்போதைய தலையிடி.

இதை நம்பிக் குளிர்காலம் ஓட்ட முடியாது. சூட்டைத் தடுக்கும் சக்தியை ஆர் என்று அளக்கிறார்கள், கூடினால் நல்லது. வெர்மிகுலைட் அங்குலத்துக்கு ஆர் 2 சொச்சம்தான். எங்கள் கூரைக்குள் கிடப்பது அமுங்கி நாலு அங்குலம்கூட வராது, ஆக ஆர் 8 அல்லது 9. இன்று ஒன்ராறியோவில் புதிதாகக் கட்டும் வீட்டு அட்டிக்குக்கு ஆர் 60 எதிர்பார்க்கிறார்கள். எரிக்கிற காஸ் சூடெல்லாம் மேலே போய்க் கூரைப் பனியை உருக்குகிறது. உருகிய தண்ணீர் ஓரத்துக்கு வந்து பீலியில் மறுபடி உறைகிறது. பின்னால் வருகிற தண்ணீர் வழியில்லாமல் ஷிங்கிளுக்கு அடியில் புகுந்து, படுக்கையறைச் சீலிங்கில் மஞ்சள் வட்டமாக இறங்குகிறது. பிள்ளைகள் வீட்டுக்குள்ளேயே ஸ்வெட்டரோடு படுக்கிறார்கள். பில் மட்டும் குறைவதில்லை.

சரி, மேலே செல்லுலோஸ் என்கிற காகிதத்தூள் இன்சுலேஷனை ஊதி மூடலாம்தானே? அங்கேதான் கூத்து. ஊதுவதற்கு முன் லைட் ஓட்டைகள், வயர் போகும் துளைகள், சுவர் உச்சி இடைவெளி எல்லாவற்றையும் அடைக்க வேண்டும். அடைக்காவிட்டால் ஈரக்காற்று மேலே போய்க் கூரைப் பலகை பூஞ்சணம் பிடிக்கும். அடைப்பதென்றால் வெர்மிகுலைட்டை ஒதுக்க வேண்டும். ஒதுக்கினால் தூசி கிளம்பும். ஹெல்த் கனடா சொல்வதோ கிளறாதே, அட்டிக்கில் சாமான் வைக்காதே, பிள்ளைகளை ஏறவிடாதே. மூடு என்கிற புத்திமதியும் தொடாதே என்கிற புத்திமதியும் ஒரே அரசாங்கத்திடமிருந்துதான் வருகின்றன.

2021இல் வந்த பசுமை வீட்டு மானியம் நினைவிருக்கும், 5,000 டொலர் வரை என்றார்கள். அதற்கு முதலில் வீட்டைப் பரிசோதிக்க வேண்டும். வந்தவர் அட்டிக்கை எட்டிப் பார்த்தார், மூடியைச் சத்தமில்லாமல் இறக்கினார், வாசலில் விசிறி பூட்டிச் செய்யும் காற்றுக்கசிவுச் சோதனையைச் செய்யமாட்டேன் என்றார். அந்த விசிறி வீட்டுக் காற்றை வெளியே இழுக்கும்போது அட்டிக்கில் இருப்பது சீலிங் வெடிப்பு வழியாக உள்ளே வரும். அவர் சொன்னது நூறு வீதம் சரி. சரியாக இருப்பதுதான் இன்னும் எரிச்சல். 2024இல் அந்த மானியம் புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது, அத்தோடு அந்தக் கதை முடிந்தது.

ஆய்வுகூடத்துக்கு மாதிரி அனுப்பினோம். அஸ்பெஸ்டஸ் இருக்கிறது, ஆனால் 0.5 சதவீதத்துக்குக் குறைவு என்று வந்தது. ஒன்ராறியோ சட்டத்தில் 0.5 தான் கோடு. அதற்குக் கீழே என்றால் சட்டப்படி அது அஸ்பெஸ்டஸ் பொருளே இல்லை! அப்பாடா என்று மூச்சு விட்டு ஒப்பந்தக்காரரைக் கூப்பிட்டால், "எங்களுக்கு எல்லா வெர்மிகுலைட்டும் ஒன்றுதான்" என்கிறார். அவரிலும் பிழை இல்லை. இந்தச் சாமானில் நார் ஒரே சீராகக் கலந்திருக்காது, ஒரு மூலையில் இல்லாதது மறு மூலையில் இருக்கும். அளவு குறைவாக இருந்தாலும் கிளறினால் காற்றில் ஏறும். பிறகு எதற்கு அந்தக் கோடு, எதற்கு அந்தச் சோதனை, எதற்கு அந்தக் காசு?

பிளாஸ்டிக் கட்டி, காற்றை வடிகட்டி, முறைப்படி எடுக்க ஒருவர் 14,000 டொலர் கேட்டார். இன்னொருவர் 22,000. இன்சுலேஷன் அதற்கு மேல் தனிக்கணக்கு. மூன்றாமவர் எங்கள் ஆள். "அண்ணை, உதுக்கு ஏன் இவ்வளவு காசு? ரெண்டு பொடியளைக் கூட்டிக்கொண்டு வாறன், ஷொப் வாக் போட்டு ஒரு சனிக்கிழமையில இழுத்துப்போடலாம். ஆயிரத்தெண்ணூறு, காசாத் தாங்கோ."

எனக்கு உண்மையிலேயே கொதித்தது இந்த இடத்தில்தான். சாதாரண வாக்கூம் அந்த நுண்நாரைப் பிடிக்காது, பின்பக்கத்தால் வீடு முழுக்க ஊதிவிடும். அதைவிடப் பெரிய விசயம் அந்த "ரெண்டு பொடியள்". யார் அவர்கள்? போன வருடம் படிக்க வந்தவன், அகதி வழக்கு முடியாதவன். மூக்கில் ஒரு துணி மாஸ்க், ஒரு நாளுக்கு நூற்றைம்பது டொலர். அஸ்பெஸ்டஸ் நோய் வெளியே தெரிய இருபது, முப்பது, நாற்பது வருடம் எடுக்கும். அன்றைக்கு அவன் எந்த ஊரில் இருமிக்கொண்டிருப்பான்? ஸ்காபரோவில் ஒரு சனிக்கிழமை யாரோ ஓர் அண்ணையின் வீட்டில் வாங்கியது இது என்று எந்த டொக்டர் கண்டுபிடிப்பார்? நாலு தெரு தள்ளி ஒரு வீட்டு வாசலில் கறுப்புப் பைகள் அடுக்கி இருந்ததை நானே பார்த்தேன், ஒன்று கிழிந்து புல்லில் மினுங்கிக்கொண்டிருந்தது.

இதைச் சொன்னால் வரும் பதில் மனப்பாடம்: "ஊரில அஸ்பெஸ்டஸ் சீற்றுக்குக் கீழதானே வளந்தனாங்கள், என்ன செத்தா போனம்?" சீற்றில் நார் சீமெந்தோடு இறுகிக் கிடக்கிறது. வெட்டினால், துளைத்தால், உடைத்தால் அதுவும் ஆபத்துத்தான். இங்கே கிடப்பது எதிலும் ஒட்டாத உதிரி. (அந்தச் சீற்றையும் நிறுத்தப்போவதாக இலங்கை சொல்லிப் பார்த்தது. 2017 டிசம்பரில், அஸ்பெஸ்டஸ் விற்கும் ரஷ்யா தேயிலை வாங்குவதை நிறுத்தியதும் தீர்மானம் சுருண்டுகொண்டது.)

சரி, இது எங்கிருந்து வந்தது? மொன்டானாவில் லிபி என்று ஒரு சின்ன ஊர். 1990 வரை ஓடிய அந்தச் சுரங்கத்தின் வெர்மிகுலைட்டோடு அஸ்பெஸ்டஸும் சேர்ந்தே வந்தது. அமெரிக்காவில் விற்ற வெர்மிகுலைட்டில் 70 சதவீதத்துக்கு மேல் அங்கிருந்துதான். ஸோனோலைட் என்ற பெயரில் கனடாவுக்கும் வந்தது. லிபியில் நூற்றுக்கணக்கானோர் இறந்த பிறகு, 2009இல் அமெரிக்க அரசு அங்கே பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தது. எங்கள் கூரையில் கிடப்பது லிபியிலிருந்து வந்ததா என்று யாருக்கும் தெரியாது. பை இல்லை, பில் இல்லை. ஆகவே அதுதான் என்று நினைத்தே நடந்துகொள்ளவேண்டும்.

இதைக் கொட்டச் சொல்லி மானியம் கொடுத்தது யார்? கனேடிய மத்திய அரசு. 1977இல் தொடங்கிய வீட்டு இன்சுலேஷன் திட்டத்தில் இதற்கும் காசு கொடுத்தார்கள். அதே திட்டத்தில் சுவருக்குள் யூரியா ஃபோமல்டிஹைட் நுரை அடிக்கவும் கொடுத்தார்கள். 1980 டிசம்பரில் அந்த நுரையைத் தடை செய்துவிட்டு, அகற்ற வீட்டுக்கு 5,000 டொலர் வரை உதவினார்கள். நுரையால் நோய் வந்தது என்று வழக்காடியவர்கள் 1991இல் கியூபெக் நீதிமன்றத்தில் தோற்றார்கள். நிரூபிக்க முடியாத ஆபத்துக்கு உதவி உண்டு, நுரையீரலைத் தின்னும் என்று ஐயமே இல்லாத சாமானுக்கு ஒரு துண்டுப்பிரசுரம்! ஸோனோலைட் போட்ட அமெரிக்க வீட்டுக்காரருக்கு, அதை விற்ற கம்பெனியின் பணத்தில் அமைத்த ஒரு நிதி இன்றும் அகற்றும் செலவில் 55 சதவீதம், ஓர் உச்சவரம்புக்குள், திருப்பிக் கொடுக்கிறது. கனடாவுக்கும் சின்னதாக ஒன்று ஒதுக்கினார்கள், அதற்கு உரிமை கோரும் காலம் 2009ஓடு முடிந்தது. 2011 வரை கியூபெக்கில் அஸ்பெஸ்டஸ் தோண்டி இந்தியாவுக்கெல்லாம் ஏற்ற விட்டுவிட்டு, 2018 டிசம்பர் 30இல்தான் சொந்த நாட்டில் தடையை அமலாக்கிய அரசிடம் இதைவிட என்ன எதிர்பார்ப்பது?

இன்னொரு வேடிக்கை. இங்கே வீடு வாங்கும் ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். தடை வந்து நாற்பது வருடம் தாண்டியும் அந்த நுரைக்கென்று அச்சடித்த பத்தி ஒன்று இருக்கும். வெர்மிகுலைட்டை யாராவது தனியாகக் கேட்டு எழுதினால்தான் உண்டு. போட்டி போட்டு விலை ஏற்றி, இன்ஸ்பெக்‌ஷன் நிபந்தனையையும் தூக்கி எறிந்து வாங்கச் சொல்லும் ஏஜென்ட் கேட்பாரா?

இப்போதைக்கு மூடியைச் சுற்றி அடைத்து, சீலிங் வெடிப்புகளையும் லைட் ஓரங்களையும் உள்பக்கமாகவே வெடிப்பு அடைக்கும் பசை பூசி வைத்திருக்கிறோம். 14,000ஐ வங்கிக் கடனில் எடுப்பதா என்று வீட்டில் தினமும் சண்டை. போன மாதம் பக்கத்து வீடு விற்றது, எங்கள் வீட்டோடு ஒன்றாகக் கட்டியது. வாங்கியது ஒரு இளம் தமிழ்ச் சோடி. சூட்கேஸ்களை அட்டிக்கில் ஏற்றப்போவதாகச் சொன்னார்கள். வேண்டாம், முதலில் சோதியுங்கள் என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தம்பி கேட்டார்: "அண்ணா, அந்த ஆயிரத்தெண்ணூறு ஆளின்ர நம்பர் இருக்கே?"