எஞ்சினை மாற்றும் முன் படகின் மூக்கை இறக்கிப் பாருங்கள்

பெரிய எஞ்சின் போட்டால் அலையில் படகு குலுங்காது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியெல்லாம் இல்லை சார். மும்பை கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து கடலுக்கு அந்தப் பக்கமுள்ள மாண்ட்வாவுக்கு ஸ்பீட்போட்டில் அடிக்கடி போகிறவன் நான். மதியத்துக்கு மேல் காற்று ஏறினால் முதுகெலும்பு கழன்றுவிடும். ஒருமுறை ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்து, பின்னால் இருந்த எங்களை முன்னால் உட்காரச் சொன்னார். பிறகு ஒரு பொத்தானை அழுத்தி, படகின் பின்விளிம்பில் ஏற்றி இறக்கக்கூடிய தகடான டிரிம் டேபை இறக்கினார். மூக்கு தாழ்ந்தது, 'டமார் டமார்' சத்தம் நின்று படகு அலையைக் கிழித்துக்கொண்டு போனது. முன்பக்கம்தானே கூரான வி வடிவம்! மூக்கு தூக்கிக்கொண்டிருந்தால் பின்னாலுள்ள தட்டையான அடிப்பாகம்தான் அறை வாங்கும். டேப் பின்பக்கத்தைத் தூக்கிப் பிடிப்பதால் குறைந்த வேகத்திலும் பிளேனிங், அதாவது தண்ணீரின் மேல் வழுக்கிக்கொண்டு ஓடுவது, விடாது. ஆனால் அலை பின்னாலிருந்து துரத்தினால் டேபை ஏற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் மூக்கு குத்தி, படகு பக்கவாட்டில் திரும்பிவிடும், கவிழவும் கூடும். இதை எப்படி விட்டீர்கள்?