ரீஸ்டார்ட் செய்வதற்கு முன் கெர்னலிடம் கேளுங்கள்

சர்வர் தொங்கினால் ரீஸ்டார்ட் செய், சரியாகிவிட்டால் டிக்கெட்டை மூடு. பன்னிரண்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன், எந்த டீமில் சேர்ந்தாலும் புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் சொல்லித் தருவது இதைத்தான். இது தப்பு, முதலில் கெர்னலிடம், அதாவது லினக்ஸின் மையப் பகுதியிடம், என்ன நடக்கிறது என்று கேட்க வேண்டும் என்று சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதப் போகிறேன். ரீஸ்டார்ட் செய்த அந்த நொடியில் உள்ளே இருந்த தடயம் அத்தனையும் போய்விடுகிறது. மறுநாள் காலையில் காரணம் என்ன என்று மேனேஜர் கேட்டால் கையில் ஒன்றும் இருக்காது, "மெமரி பிரச்சினை போலத் தெரிகிறது" என்று ஒரு மெயில் போகும். அடுத்த வாரம் அதே சர்வர் திரும்பத் தொங்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு ஜாவா சர்வீஸ் இருந்தது. ஜாவா 8, ஹீப் (புரோகிராம் தன் தரவுகளை வைக்கும் மெமரி) 48 ஜிபி, உபுண்டு 20.04, கெர்னல் 5.4. ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரம் பார்த்து வந்தது போல, ஒரு நொடிக்குக் கொஞ்சம் மேலாக எல்லா த்ரெட்டும் (புரோகிராமுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) அப்படியே உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் டாப் பார்த்தால் சிபியு சும்மா இருக்கும். டிஸ்க்கும் சும்மா, நெட்வொர்க்கும் சும்மா. ஜாவாவின் ஜிசி லாக்கை, அதாவது பயன்படாத மெமரியைத் துடைக்கும் வேலையின் பதிவை, திறந்தால் குப்பை அள்ளுவதற்கு ஆன நேரம் சில மில்லிசெகண்ட்தான், ஆனால் அதற்காக த்ரெட்களை நிறுத்துவதற்கு மட்டும் ஒரு நொடிக்கு மேல் ஆனதாக எழுதியிருக்கும்.

ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். இரண்டு மூன்று நாள் நன்றாக ஓடும், அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்ப வரும். அதனாலேயே எல்லாரும் இது மெமரி லீக், அதாவது எடுத்த மெமரியைத் திருப்பித் தராத கோளாறு, என்று முடிவு கட்டிவிட்டார்கள். வாரத்துக்கு இரண்டு நாள் நள்ளிரவில் ரீஸ்டார்ட் ஆகும்படி குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் க்ரானில் ஒரு வரி சேர்த்தார்கள். மூன்று மாதம் அப்படியே போனது. அந்த மூன்று மாதத்தில் அந்த நள்ளிரவு வேளைகளில் வாடிக்கையாளர்கள் பட்ட பாடு தனி.

அவசரத்துக்குக் கூப்பிட்டால் எழுந்து பார்க்கும் ஆன்கால் முறை எனக்கு வந்த ஒரு ராத்திரி, இன்றைக்கு ரீஸ்டார்ட் செய்யப் போவதில்லை, பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். உள்ளே நடப்பதைக் காட்டும் கருவிகளில் பெர்ஃப் என்று தட்டினால் இல்லை. பிபிஎஃப்ட்ரேஸ் இல்லை. புரொடக்ஷன் சர்வர் என்பதால் வெளி இணையத்துக்கும் வழி இல்லை, ஒரு பேக்கேஜ் போட வேண்டும் என்றால் அனுமதி வாங்கவே இரண்டு நாள் ஆகும். வீடு எரியும்போது கிணறு வெட்டுவது என்பார்களே, அந்த நிலைமைதான்.

ஆனால் எஃப்ட்ரேஸ் இருந்தது, கெர்னலுக்குள் எந்த ஃபங்ஷன் எப்போது ஓடியது என்று பதிவு செய்யும் வசதி. எப்போதும் இருக்கும். ஸ்டீவன் ராஸ்டெட் எழுதி 2008 அக்டோபரில் 2.6.27 பதிப்போடு கெர்னலுக்குள்ளேயே வந்துவிட்ட விஷயம் அது, நாம் அன்றாடம் பயன்படுத்தும் பெரிய டிஸ்ட்ரோக்கள் (உபுண்டு, ஃபெடோரா போன்ற லினக்ஸ் தொகுப்புகள்) எல்லாமே அதை இயக்கித்தான் கொடுக்கின்றன. நிறுவ ஒன்றும் இல்லை. சிஸ் டைரக்டரிக்குள் கெர்னல், அதற்குள் டிரேசிங் என்று போனால் வரிசையாக ஃபைல்கள் இருக்கும். எக்கோ போட்டு எழுதுவது, கேட் போட்டுப் படிப்பது, இந்த இரண்டும் தெரிந்தால் போதும். இத்தனை வருடம் லினக்ஸில் வேலை பார்த்தும் அந்த டைரக்டரிக்குள் ஒரு முறைகூடப் போகாதவர்களை எனக்கு நிறையவே தெரியும், நல்ல திறமைசாலிகள் அவர்கள், யாரும் காட்டித் தரவில்லை, அவ்வளவுதான்.

அது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்தது. கெர்னலை கம்பைல் செய்யும்போது கிட்டத்தட்ட ஒவ்வொரு ஃபங்ஷனின் வாசலிலும் ஜிசிசி கம்பைலர் ஒரு சின்ன அழைப்பை வைத்துவிடும். பூட் ஆகும்போது அந்த அழைப்புகளை எல்லாம் கெர்னல் வெறும் நாப் ஆக்கிவிடும், 64 பிட் இன்டெல் வகையில் அது 5 பைட், எதுவும் செய்யாத கட்டளை. நாம் ஒரு ஃபங்ஷனைக் கவனிக்கச் சொன்னால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலிலேயே அந்த 5 பைட்டை மட்டும் திரும்ப அழைப்பாக மாற்றும். நிறுத்தச் சொன்னால் பழையபடி நாப். அதனால்தான் பயன்படுத்தாத நேரத்தில் செலவு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

அன்றைக்கு நான் முதலில் செய்தது, சிபியு ஒரு த்ரெட்டை விட்டு இன்னொன்றுக்கு மாறுவதைக் குறிக்கும் ஷெட் ஸ்விட்ச் என்ற ஈவென்ட்டின் ட்ரிகர் ஃபைலில் ஒரே ஒரு வரி எழுதியது. எந்த த்ரெட் டி நிலைக்கு, அதாவது எழுப்ப முடியாத தூக்கத்துக்குப் போகிறதோ அதன் ஸ்டேக்கை (எந்த ஃபங்ஷன் எதை அழைத்து அங்கே வந்தது என்ற பட்டியல்) மட்டும் எழுதிக் கொடு என்று. ஐந்து நிமிடம் காத்திருந்தேன். உறைந்தது. ஃபைலைப் படித்தால் ஜாவா த்ரெட் ஒன்று எம்ப்ரொடெக்ட் சிஸ்டம் காலுக்குள் (மெமரிப் பக்கத்தின் அனுமதியை மாற்றும்படி கெர்னலிடம் கேட்பது) போய், புராசஸின் மெமரி வரைபடத்தைக் காக்கும் எம்மேப் செம் என்ற பூட்டுக்காகக் காத்துக்கொண்டு நிற்கிறது, அதன் பின்னால் பேஜ் ஃபால்ட்டில் (தொட்ட பக்கத்தைக் கெர்னல் தயார் செய்து தரும் வரை காத்திருப்பது) மாட்டிய மற்ற த்ரெட்கள் வரிசை கட்டி நிற்கின்றன. இங்கே ஜாவா 8 பற்றி ஒரு விவரம் தெரிந்திருக்க வேண்டும்: எல்லா த்ரெட்டையும் நிறுத்த வேண்டும் என்றால் அது ஒரு குறிப்பிட்ட மெமரி பக்கத்தை எம்ப்ரொடெக்ட் போட்டுப் படிக்க முடியாதபடி ஆக்கும். அந்த ஒரு அழைப்பு நின்றால் மொத்த ஜாவாவும் நின்றது.

சரி, பூட்டை வைத்திருப்பது யார்? ஒரு புராசஸின் இந்தப் பூட்டை வெளியிலிருந்து இன்னொரு புராசஸ் எடுத்து நீண்ட நேரம் வைத்திருக்க வழிகள் குறைவு. பெரும்பாலும் ப்ராக் டைரக்டரியில் இருக்கும் அதன் மெமரி ஃபைல்களை யாராவது படிக்க வேண்டும். அதனால் ஒவ்வொரு ஃபங்ஷனும் எவ்வளவு நேரம் எடுத்தது என்று காட்டும் ஃபங்ஷன் கிராஃப் டிரேசரை, அந்த ஃபைல்களைப் படிக்கும்போது ஓடும், பெயரில் ஸ்மேப்ஸ் என்று வரும் ஃபங்ஷன்களுக்கு மட்டும் போட்டேன். இன்னொரு ஐந்து நிமிடம். ஒரு வரி வந்தது, எடுத்துக்கொண்ட நேரத்துக்கு முன்னால் டாலர் குறி. எஃப்ட்ரேஸ் 10 மைக்ரோசெகண்டுக்கு மேல் என்றால் கூட்டல் குறி போடும், 100-ஐத் தாண்டினால் ஆச்சரியக்குறி, இப்படியே ஏறி ஒரு நொடியைத் தாண்டினால்தான் டாலர். பக்கத்தில் புராசஸின் பெயர்: நாங்கள் எல்லா சர்வரிலும் போட்டிருந்த மானிட்டரிங் ஏஜென்ட்.

ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அது ஒவ்வொரு புராசஸின் ஸ்மேப்ஸ் ரோலப் ஃபைலை, அதாவது அதன் மெமரிக் கணக்கின் மொத்தத்தை, படிக்கிறது. அதற்காகக் கெர்னல் அந்த புராசஸின் பக்க அட்டவணை முழுவதையும் நடந்து எண்ண வேண்டும். 48 ஜிபியை 4 கேபி பக்கங்களாகப் பிரித்தால் ஏறத்தாழ ஒண்ணேகால் கோடி பக்கம். அத்தனையையும் எண்ணி முடிக்கும் வரை 5.4 கெர்னல் அந்தப் பூட்டை விடாது (பின்னால் வந்த கெர்னல்களில் யாராவது காத்திருந்தால் நடுவிலேயே விட்டுக் கொடுக்கும்படி மாற்றிவிட்டார்கள்). ரீஸ்டார்ட் செய்ததும் சரியானது ஏன் என்றும் புரிந்துவிட்டது. புதிதாக எழுந்த ஜாவா 48 ஜிபியையும் முதல் நாளே தொட்டுவிடுவதில்லை. பக்கம் குறைவு, எண்ணும் நேரமும் குறைவு. நாள் ஆக ஆக ஹீப் நிரம்பும், எண்ணிக்கை ஏறும். லீக் என்று ஒன்று இருக்கவே இல்லை. ஏஜென்ட்டின் கான்ஃபிக் ஃபைலில் ஒரு வரியை அணைத்தேன், முடிந்தது. உட்கார்ந்ததிலிருந்து எழுந்தது வரை நாற்பது நிமிடம்.

அந்த நாற்பது நிமிடத்தை மூன்று மாதத்துக்கு முன் யாராவது செலவழித்திருக்கலாம். ஏன் செலவழிக்கவில்லை? சோம்பல் என்று நான் சொல்ல மாட்டேன், பயம்தான். "புரொடக்ஷன் கெர்னலில் கை வைக்காதே" என்று சீனியர்கள் சொல்லிச் சொல்லி வந்த பயம்.

அந்தப் பயத்துக்குக் காரணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2008-இல், 2.6.27 வெளிவருவதற்கு முந்தைய சோதனைப் பதிப்புகளை ஓட்டியவர்களின் இன்டெல் நெட்வொர்க் கார்டுகள், இ1000இ டிரைவரில் ஓடுபவை, திடீரென்று செத்துப்போயின. கார்டின் உள்ளே நிரந்தரமாக இருக்க வேண்டிய தகவலே அழிந்துவிட்டது. பல வாரம் தேடிக் கண்டுபிடித்த காரணம் எஃப்ட்ரேஸ். மாற்ற வேண்டிய இடங்களின் முகவரிகளை அது பட்டியல் போட்டு வைத்திருந்தது, அந்த இடத்தில் இருந்த கோட் வேலை முடிந்து விடுவிக்கப்பட்டு, அதே முகவரிக்குக் கார்டின் நினைவகம் வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய மதிப்பு அங்கே இருந்தால் மட்டும் மாற்று என்றுதான் எஃப்ட்ரேஸ் கேட்டது, ஆனால் அதற்கு அது பயன்படுத்திய சிபியு கட்டளை, மதிப்பு ஒத்துப்போகாவிட்டாலும் இருந்ததையே திரும்ப ஒரு முறை எழுதிவிடும். சாதாரண மெமரியில் அதனால் ஒன்றும் ஆகாது, கார்டில் ஆகிவிட்டது. உடனே 2.6.27.1-இல் அந்த வசதியை முடக்கினார்கள், அப்புறம் முகவரிகளை கம்பைல் நேரத்திலேயே குறித்துக்கொள்ளும்படி வேறு விதமாக எழுதினார்கள்.

ஆனால் அது 2008. இன்றைக்குப் பயப்பட வேண்டியவை வேறு. பரபரப்பான டேட்டாபேஸின் மேல் யோசிக்காமல் எஸ்ட்ரேஸ் போடுவது, அதுதான் உண்மையான ஆபத்து: ஒவ்வொரு சிஸ்டம் காலுக்கும் புராசஸை நிறுத்தி நிறுத்தி எழுப்பும், பல மடங்கு மெதுவாகிவிடும். கொடுமை என்னவென்றால் கெர்னலைத் தொடாதே என்று சொல்கிறவர்களே எஸ்ட்ரேஸைத் தாராளமாகப் போடுகிறார்கள். எஃப்ட்ரேஸிலும் ஃபில்டர் இல்லாமல் எல்லா ஃபங்ஷனையும் திறந்துவிட்டால் சர்வர் திணறும். முதலில் ஃபில்டர், அப்புறம்தான் டிரேசர், இந்த வரிசை மாறக்கூடாது. முடிந்ததும் கரன்ட் டிரேசர் ஃபைலில் நாப் என்று எழுதுங்கள், ட்ரிகரையும் அழியுங்கள், மறக்கவே கூடாது.

எஃப்ட்ரேஸ் மட்டும் போதும் என்றும் நான் சொல்லவில்லை. பிபிஎஃப்ட்ரேஸ் இருந்திருந்தால் அன்றைக்கு நாற்பது நிமிடம் இருபதாகியிருக்கும். 2014 கடைசியில் 3.18 கெர்னலோடு, பிபிஎஃப்ட்ரேஸுக்கு அடிப்படையான இபிபிஎஃப் வந்த பிறகு உலகமே மாறிவிட்டது: நாம் எழுதும் சின்ன புரோகிராமை வெரிஃபையர் முதலில் முழுவதும் சோதித்து, முடிவில்லாமல் சுற்றாது, தவறான மெமரியைத் தொடாது என்று உறுதியானால்தான் கெர்னலுக்குள் விடும். கணக்குகளைக் கெர்னலுக்குள்ளேயே கூட்டி ஹிஸ்டோகிராமாகக் கொடுக்கும், லட்சக்கணக்கான வரிகளை நாம் வெளியே இழுத்துப் படிக்க வேண்டியதில்லை. 2005-இல் சோலாரிஸ் 10 இயங்குதளத்தில் இதே போன்ற டிடிரேஸ் வைத்துக்கொண்டிருந்தவர்கள் நம்மைப் பார்த்துப் பெருமைப்பட்ட காலம் போய்விட்டது.

ஆனால் இவற்றை எல்லாம் முன்கூட்டியே போட்டு வைக்க வேண்டும், அதுதான் நான் இங்கே மன்றாடிக் கேட்பது. சர்வர் இமேஜ் தயாரிக்கும்போதே பெர்ஃப், டிரேஸ் சிஎம்டி (எஃப்ட்ரேஸை இயக்கும் கட்டளை), பிபிஎஃப்ட்ரேஸ், பிசிசி (இபிபிஎஃப் கருவிகளின் தொகுப்பு) நான்கையும் சேர்த்துவிடுங்கள். சேர்த்தால் மட்டும் போதாது, ஓட்டியும் பாருங்கள். உபுண்டுவில் பெர்ஃப் கெர்னல் பதிப்பைப் பொறுத்தது, கெர்னல் அப்டேட் ஆகி அதற்கான லினக்ஸ் டூல்ஸ் பேக்கேஜ் வராவிட்டால் உங்கள் கெர்னலுக்குப் பெர்ஃப் இல்லை என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். பிசிசி கருவிகள் அங்கே பிபிஎஃப்சிசி என்ற வால் ஒட்டிய பெயரில் இருக்கும், ஃபெடோராவில் வேறு டைரக்டரியில், இது தெரியாமல் "நிறுவினேன், காணோம்" என்று திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். ரூட் இல்லாமல் பெர்ஃப் ஓடவில்லை என்றால் பேரனாய்ட் என்று முடியும் சிஸ்கண்ட்ரோல் (கெர்னல் அமைப்பு) மதிப்பைப் பாருங்கள், உபுண்டுவில் அது 4, அதாவது ரூட் அல்லாதவர்களுக்கு முழுத் தடை.

இன்னொன்று, கெர்னல் ஃபங்ஷன் பெயரை நம்பி ஸ்கிரிப்ட் எழுதினால் அது ஒரு நாள் உடையும். 5.6-இல் ஃபைல் திறக்கும் பாதை மாறி பழைய பெயரைப் பிடித்துக்கொண்டிருந்த ஸ்கிரிப்ட்கள் சத்தமில்லாமல் ஒன்றும் காட்டாமல் போயின. பிழை வந்தாலாவது தெரியும், வெறுமையாக வந்தால் பிரச்சினை இல்லை என்றுதான் நினைப்போம். டிரேஸ்பாயின்ட் (கவனிப்பதற்கென்றே கெர்னலில் வைத்த இடம்) கிடைக்கும் இடத்தில் அதையே பயன்படுத்துங்கள், அவற்றை மாற்றுவதில் கெர்னல்காரர்கள் கவனமாக இருப்பார்கள். அப்புறம் ஃப்ரேம் பாயின்டர், எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்று பின்னோக்கிப் போக உதவும் குறி. அது இல்லாமல் கம்பைல் செய்த புரோகிராம்களில் ஸ்டேக் பாதியில் அறுந்து வரும். 2023-இல் ஃபெடோரா 38-ம் 2024-இல் உபுண்டு 24.04-ம் ஏறக்குறைய எல்லா பேக்கேஜுக்கும் அதை இயல்பாகவே இயக்கினார்கள், அதனால் வேகம் ஒன்றிரண்டு சதவீதம் குறையும் என்று பெரிய சண்டையே நடந்தது. நான் இயக்கியவர்கள் பக்கம். கண் தெரிய வேண்டும் என்றால் அந்த விலை கொடுக்கலாம்.

இப்போது எங்கள் டீமில் மாதத்துக்கு ஒரு மதியம் இதற்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஒருவர் சோதனை சர்வரில் ஏதாவது ஒன்றை வேண்டுமென்றே கெடுத்து வைப்பார், டிஸ்க்கைத் தாமதப்படுத்துவது, பூட்டைப் பிடித்துக்கொண்டு தூங்குவது போல, மற்றவர்கள் டிரேசிங் டைரக்டரியை மட்டும் வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். ஆன்கால் விதியிலும் ஒரு வரி சேர்த்தாகிவிட்டது: ரீஸ்டார்ட் செய்யலாம், தடையில்லை, ஆனால் அதற்கு முன் ஐந்து நிமிட டிரேஸ் எடுத்து டிக்கெட்டில் இணைத்திருக்க வேண்டும். அன்றைக்கு நான் எழுதிய கட்டளைகளை முதல் கமென்டில் போடுகிறேன், சோதனை சர்வர் ஒன்றில் இன்றைக்கே ஓட்டிப் பாருங்கள்.