யெல்லோநைஃபுக்குப் போகிறவர்கள் ஒரு பகலையும் ஒதுக்குங்கள்

வடதுருவ ஒளியைப் பார்க்க யெல்லோநைஃபுக்குப் போகலாமா என்று டொராண்டோ நண்பர்கள் கேட்கும்போதெல்லாம், மூன்று இரவுகளோடு ஒரு பகலையும் அந்த ஊருக்கென்று ஒதுக்கச் சொல்கிறேன். அந்தப் பகல் எதற்கு என்று சிலர் கேட்டதால் இந்தப் பதிவு.

கனடாவின் வடபகுதியில், கிரேட் ஸ்லேவ் ஏரிக்கரையில் சுமார் 20,000 பேர் வாழும் ஊர் அது. துருவ ஒளி அடிக்கடி தோன்றும் வளையத்துக்கு நேர்கீழே இருப்பதால், வானம் தெளிந்த குளிர்கால இரவுகளில் ஏமாந்து திரும்புவது அரிது. நான் போனது பிப்ரவரியில். மைனஸ் 34 டிகிரிக் குளிரில் மூச்சுக்காற்றின் ஈரம் இமைமயிரில் உறைந்து, கண்ணை மூடித் திறப்பதே சிரமமாக இருந்தது. கைப்பேசி சில நிமிடங்களில் உயிரை விட்டது. முதலில் தெரிந்தது சாம்பல் நிறப் புகைக்கீற்று ஒன்றுதான். கேமராவில் மட்டும் அது பச்சை. (படங்களைப் பார்த்து ஆசையை வளர்த்துக்கொண்டு போகிறவர்கள் இதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.) நள்ளிரவுக்குப் பிறகு அதே கீற்று தடித்து, கண்ணுக்கே பச்சையாகி, கொடியில் காயும் சேலை காற்றில் அலைவதுபோல் தலைக்குமேல் நெளிந்தது. பச்சை, நூறு கிலோமீட்டருக்கும் மேலே இருக்கும் ஆக்சிஜன் தந்தது. கீழோரத்தில் ஓடிய இளஞ்சிவப்புக் கரை, நைட்ரஜன் தந்தது. போன செலவுக்கு அந்தப் பத்து நிமிடங்களே ஈடாகிவிட்டன என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆனால் அந்த ஊரை உண்டாக்கியது வானமன்று, தங்கம். 1948 முதல் 2004 வரை இயங்கிய ஜயன்ட் சுரங்கத்திலிருந்து மட்டும் 200 டன்னுக்கும் மேற்பட்ட தங்கம் வெளியேறியது. அங்கே தங்கம் ஆர்சனிக் கலந்த தாதுவுக்குள் சிறைப்பட்டிருந்ததால், தாதுவை வறுத்துத்தான் அதைப் பிரிக்க முடிந்தது. வறுத்தபோது கிளம்பியது நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்லும் நஞ்சு. தொடக்க ஆண்டுகளில் அது புகைபோக்கி வழியே அப்படியே ஊரின் மேல் படிந்தது. நச்சேறிய பனியை உருக்கிய நீரால் 1951இல் டெனே பழங்குடிக் குழந்தை ஒன்று இறந்தது. பின்னாளில் வடிகட்டிச் சேர்த்த தூளில் 2,37,000 டன் இன்றும் சுரங்கத்தின் நிலவறைகளில் கிடக்கிறது. 1999 வரை அதை நடத்திய நிறுவனம் அந்த ஆண்டில் திவாலானது. நஞ்சு அரசின் தலையில் விழுந்தது. நிலத்தின் வெப்பத்தைக் குளிர்காலக் காற்றுக்குக் கடத்தும் குழாய்களை இறக்கி, அந்த அறைகளைச் சுற்றியுள்ள பாறையை உறையவைத்து, நிரந்தரத் தீர்வு கிடைக்கும்வரை, அதிகபட்சம் நூறு ஆண்டுகள், உறைந்த நிலையிலேயே காப்பது என்பதுதான் திட்டம்.

ஒதுக்கிய பகலில் பழைய நகரத்துப் பாறைமேட்டில் நிற்கும் விமானிகள் நினைவுச்சின்னத்துக்கு ஏறுங்கள். உறைந்த விரிகுடாவும், டெனே மக்கள் வாழும் நிடீலோவும் அங்கிருந்து தெரியும். பிறகு ஏரியின் பனிச்சாலை வழியே எதிர்க்கரையில் உள்ள, அதே டெனே மக்களின் டெட்டா கிராமத்துக்குப் போய் வாருங்கள். இந்த நஞ்சைப் பற்றிப் பேச அந்த மக்களைவிட உரிமை உள்ளவர்கள் யாரும் இல்லை.

துருவ ஒளி பார்க்க எங்களை ஏற்றிச் சென்ற வண்டி, இங்ரஹாம் சாலையில் சுரங்க வளாகத்தை ஒட்டியேதான் போனது. வழிகாட்டி அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லவில்லை. கண்கள் இருட்டுக்குப் பழகட்டும் என்று உள்விளக்குகளை அணைத்திருந்தார்.