ஒரு சதுர அங்குலத்தில் 196 தையல்

காஸாவுக்கு நிதி திரட்டுகிறோம் என்று சொல்லி விற்கிற பைகளிலும் தலையணை உறைகளிலும் ‘தத்ரீஸ்’ என்று சீட்டு ஒட்டியிருக்கும். பாலஸ்தீனப் பெண்களின் கைத்தையலுக்கு அரபியில் அதுதான் பெயர். ஆனால் விற்பனைக்கு வருவதில் மெஷினில் ஓட்டியதும் உண்டு, வெறும் அச்சும் உண்டு. வாங்குகிறவர்கள் நல்ல மனதோடுதான் வாங்குகிறார்கள். அந்தக் காசு தைத்தவருக்குப் போவதில்லை, தைத்தவர் என்று ஒருவர் இருந்தால்தானே போகும்! உதவ நினைக்கும் ஜமாஅத்துகளும் மாணவர் அமைப்புகளும் தொண்டுக் குழுக்களும் இதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும்.

முதலில் உழைப்பின் கணக்கு. புள்ளிக் கோலம் போடுகிறவர்களுக்கு இது உடனே பிடிபடும். தத்ரீஸின் அடிப்படை குறுக்குத் தையல், அதாவது கிராஸ் ஸ்டிச். கட்டத்தை எண்ணி, ஒவ்வொரு கட்டத்திலும் பெருக்கல் குறி போல இரண்டு இழுப்பு. அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணியில் ஒரு சதுர அங்குலத்துக்கு 196 தையல் விழும். தோப் எனப்படும் நீள அங்கியின் மார்புப் பகுதிக்கு ‘கப்பே’ என்று பெயர். 12க்கு 14 அங்குலக் கப்பே ஒன்றை இடைவெளி விடாமல் நிரப்பினால் 32,928 தையல். நிமிடத்துக்கு 5 தையல் போட்டாலும் கிட்டத்தட்ட 110 மணி நேரம். அதன் பிறகு கைகள், பக்கங்கள், பின்புறக் கீழ்ப்பட்டை எல்லாம் இருக்கின்றன. இதைப் பார்த்து “விலையைக் கொஞ்சம் குறைங்க, தர்மத்துக்குத்தானே” என்று பேரம் பேசுவது எனக்குப் பொறுக்காது. குறைகிற ஒவ்வொரு ரூபாயும் தைத்தவரின் கூலியில்தான் குறைகிறது.

இந்தத் தையலில் பாரம்பரியமும் நிவாரணமும் வெவ்வேறு வேலைகள் அல்ல. 1948 போரில் ஊரை இழந்து முகாம்களுக்கு வந்த பெண்கள் பலரிடம் விற்பதற்கு இருந்தது கைவேலை ஒன்றுதான். மேற்குக் கரையின் அல்-பீரே ஊரில் சமீஹா கலீல் 1965-இல் தொடங்கிய இன்ஆஷ் அல்-உஸ்ரா என்ற அமைப்பு பெண்களுக்குத் தையல் கூலி கொடுத்தது, கூடவே நாட்டுப்புற அருங்காட்சியகம் அமைத்து வழக்காறுகளைத் தொகுத்தது. லெபனான் முகாம்களில் உள்ள பாலஸ்தீனப் பெண்களுக்காக 1969-இல் பெய்ரூத்தில் தொடங்கிய இன்ஆஷ் என்ற வேறோர் அமைப்பும் இதே வழியில் வந்ததுதான். யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் பாலஸ்தீனத் தையலைச் சேர்த்தது 2021-இல். அதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்தக் குழுக்கள் நூலும் துணியும் வாங்கிக் கொடுத்து அதைக் காப்பாற்றிக்கொண்டிருந்தன.

கைவேலையா என்று தெரிய வேண்டுமானால் துணியைத் திருப்பிப் பாருங்கள். கையால் தைத்ததன் பின்புறத்தில் சிறு சிறு கோடுகள் இருக்கும், ஓர் இடத்திலிருந்து அடுத்த இடத்துக்கு நூல் தாவிய தடம் தெரியும். முன்புறத்தின் நிறமே பின்னாலும் இருக்கும். மெஷின் வேலையில் பெரும்பாலும் அடிப்பக்கம் முழுக்க ஒரே நிறத்தில், வழக்கமாக வெள்ளையில், பாபின் நூல் ஓடியிருக்கும், பின்னால் தாள் போன்ற ஒரு தாங்கு துணியும் ஒட்டியிருக்கும். அச்சு என்றால் பின்னால் ஒன்றுமே இருக்காது. உறைக்கு உள்துணி வைத்து மூடித் தைத்திருந்தால் உள்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். உண்மையில் தைக்க வைத்தவர்கள் தயங்காமல் அனுப்புவார்கள்.

குழுவாகக் கற்றுக்கொடுக்க நினைப்பவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. தோப்புக்கான துணியில் பெரும்பாலும் கட்டம் தெரியாது. அதனால் கட்டம் போட்ட கேன்வாஸை மேலே வைத்து, நேர் இழையில் நூலோட்டி, அதன் துளைகள் வழியே தைத்து முடித்த பிறகு கேன்வாஸ் இழைகளை ஒவ்வொன்றாக உருவி எடுப்பார்கள். ஊசி துளைக்குள் போகாமல் கேன்வாஸ் இழையையே குத்திவிட்டால் அந்த இழை கடைசியில் வராது. இழுத்தால் தையலும் சேர்ந்து சுருங்கும். எனவே நிதானம் வேண்டும். உருவும் முன் லேசாக ஈரம் தொட்டால் கஞ்சி இளகும். ட்வீசரால் குறுகிய பக்கத்து இழைகளை முதலில் உருவினால் சுலபம்.

பெருக்கல் குறியின் மேல் கோடு எல்லாத் தையலிலும் ஒரே பக்கம் சாய வேண்டும். இரண்டு பேர் ஒரே துணியில் தைத்து ஒருவர் வலமும் ஒருவர் இடமும் சாய்த்தால், வெளிச்சத்தில் பிடிக்கும்போது பாதி வேறு நிறம் போலத் தெரியும். நூலை அரை மீட்டருக்கு மேல் நறுக்காதீர்கள், துளையில் உரசி உரசிப் பஞ்சு பறக்கும். சிவப்பு நூலை வெள்ளைத் துணியில் ஏற்றும் முன், நனைத்த வெள்ளைத் துணியில் வைத்து அழுத்திப் பாருங்கள். மலிவு நூலில் சாயம் இறங்கும், மாத வேலை ஒரே துவைப்பில் இளஞ்சிவப்பாகிவிடும்.

வடிவங்களுக்கும் பெயரும் ஊரும் உண்டு. சைப்ரஸ் மரம், பெத்லகேம் நிலா, பாஷாவின் கூடாரங்கள். பீர் அஸ்-ஸபா (பீர்ஷேபா) பகுதியின் பெதூயின் எனப்படும் பாலைவன நாடோடிக் கைம்பெண்கள் நீல நூலில் தைத்தார்கள். 1987-இல் தொடங்கிய இன்திஃபாதா என்ற மக்கள் எழுச்சியின்போது பாலஸ்தீனக் கொடியைப் பொது இடத்தில் காட்டத் தடை இருந்தது. பெண்கள் அந்த நான்கு நிறங்களையும் தோப்பிலேயே தைத்து அணிந்தார்கள். இதெல்லாம் தெரியாமல் எல்லாவற்றையும் ‘அரபு டிசைன்’ என்று ஒரே சீட்டில் எழுதும்போது அந்த ஊர்களின் பெயர் இரண்டாவது முறையாக அழிகிறது.

பழைய தோப் வைத்திருக்கும் குடும்பங்களும் சங்கங்களும் செய்யும் பெரிய தவறு, ஹேங்கரில் தொங்கவிடுவது. கப்பேயின் எடை தோள் தையலை இழுத்துக் கிழிக்கும். மடித்தே வைப்பதும் ஆபத்து, பழைய பட்டு நூல் மடிப்பில்தான் முதலில் அறும். படுக்கையாக விரித்து, துவைத்த கஞ்சியில்லாப் பருத்தித் துணியில் பொதியுங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் மடிப்புக்குள் துணி உருட்டி வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை மடிப்பை மாற்றுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே வேர்த்துப் பூஞ்சை பிடிக்கும். கறை இருந்தால் கறையோடேயே இருக்கட்டும், பழைய சாயம் தண்ணீரில் என்ன செய்யும் என்று சொல்ல முடியாது.

பிறகு எழுதுங்கள். யார் தைத்தது, எந்த ஊர், எந்தக் கல்யாணத்துக்கு, யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பாட்டிமார் இருக்கும்போதே கேட்டு, பருத்தி நாடாவில் பென்சிலால் எழுதி, ஓரத்தில் இரண்டு தளர்ந்த தையல் போட்டுச் சேர்த்துவிடுங்கள். பால்பாயிண்ட் மை கசியும். முன்புறம், பின்புறம், உள்புறம், பக்கத்தில் ஓர் அளவுகோல் என்று நான்கைந்து படம் போதும்.

நிதிக் குழுக்களிடம் நான் கேட்பது, ஆர்டர் கொடுக்கும்போதே நூலுக்கும் துணிக்கும் உரிய பணத்தையும் பாதிக் கூலியையும் முன்பணமாகக் கொடுங்கள். விற்ற பிறகு தருகிறோம் என்றால், முகாமில் இருக்கும் பெண் தன் கைக்காசில் நூல் வாங்கி உங்களுக்குக் கடன் கொடுத்ததாக ஆகிறது. கூலி வேறு, நன்கொடை வேறு என்று ரசீதில் இரண்டு வரியாகப் போடுங்கள். கூலி வரியில் தைத்தவர் எண்ணிச் சொன்ன மணி நேரமும் இருக்கட்டும்.