"ஒன்றுமில்லை" என்று சொன்ன தம்பிக்கு

நேற்று எல்லோரும் பகிர்ந்த அந்த வீடியோவைப் பார்த்திருப்பீர்கள். இங்கிலாந்தின் வடகிழக்கில் இருக்கும் நியூகாசிலில் இரண்டு மணி நேரம் நின்றுவிட்டு, "டைன் அண்ட் வியர் கவுண்டியில பார்க்க ஒன்றுமில்லை, எல்லாம் பழைய ஃபேக்டரி, நேரா எடின்பரோ போயிடுங்க" என்கிறார் அந்தத் தம்பி. பதினோரு வருஷமாக இங்கே வாழ்கிறேன். ராத்திரி தூக்கமே வரவில்லை.

வீடியோவில் அவர் தலைக்கு மேலே தெரிவது 1928-இல் திறந்த டைன் பாலம். அதன் இரும்புச் சட்டங்களில் கிட்டிவேக் என்ற கடற்பறவை கூடு கட்டுகிறது. கடலை விட்டு இவ்வளவு உள்ளே வந்து அது குஞ்சு பொரிக்கும் இடம் உலகத்தில் வேறு இல்லை. அதன் கத்தல் வீடியோவிலேயே கேட்கிறது. ஒரு தடவை நிமிர்ந்து பார்த்திருக்கலாம்.

எடின்பரோ அழகுதான், யார் இல்லை என்றது? இங்கே குளிர், மழை, அதுவும் சரி. ஆனால் "ஒன்றுமில்லை" என்று சொல்ல எப்படி வாய் வருகிறது? ரோமானியரின் ஹேட்ரியன் சுவர் வந்து முடிகிற இடம் வால்ஸெண்ட். டைட்டானிக்கில் தப்பியவர்களைக் காப்பாற்றிய கார்பேத்தியா கப்பலைக் கட்டியதும் அதே வால்ஸெண்டில்தான்.

என் பக்கத்து வீட்டுத் தாத்தா இதே கவுண்டியின் சண்டர்லாந்தில் கப்பல் வெல்டராக இருந்தவர். 1988-இல் அங்கே கப்பல் கட்டுவதே நின்றபோது வேலை போனது. முழங்கைக்குக் கீழே, தாளிக்கும்போது கடுகு தெறித்த மாதிரி, சின்னச் சின்ன வெள்ளைத் தழும்புகள். ஒருநாள் வியர் ஆற்றங்கரைக்கு என்னைக் கூட்டிப்போய், "அங்கேதான் கப்பலைத் தண்ணீரில் இறக்குவோம்" என்று கை நீட்டினார். அப்புறம் ரொம்ப நேரம் பேசவில்லை.

"பழம்பெருமை எதுக்கு, டூரிஸ்டுக்கு வெல்டர் கதை வேணுமா?" என்று கேட்பீர்கள். வேணும். 1936-இல் வேலை கேட்டு ஜாரோவிலிருந்து 200 பேர் லண்டன் வரை நடந்தார்களே, அந்த ஊர் இது. சண்டர்லாந்தின் கால்பந்து மைதானம் நிலக்கரிச் சுரங்கம் இருந்த இடத்தில் நிற்கிறது. வாசலில் சுரங்க விளக்குக்குச் சிலை. கேட்ஸ்ஹெட்டில் மாவு மில்தான் இன்று பால்டிக் கலைக்கூடம். ஃபேக்டரி என்று நீங்கள் ஒதுக்குவதுதான் இங்கே பார்க்க வேண்டியதே.

இப்படி "ஒன்றுமில்லை, ஒன்றுமில்லை" என்று சொல்லிச் சொல்லித்தான் இருப்பதும் போகிறது. 674 வாக்கில் கோல் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய பிரான்ஸ் பக்கமிருந்து, கண்ணாடி செய்பவர்கள் வந்து வேலை செய்த சண்டர்லாந்தின் மங்க்வியர்மவுத் மடாலயத்துப் பக்கத்தில் 1998-இல் தேசியக் கண்ணாடி மையம் திறந்தார்கள். அதன் கண்ணாடிக் கூரைமேல் என் மகள் பயந்து பயந்து நடந்திருக்கிறாள். அதையும் மூடுவதாக அறிவித்தார்கள். அன்றைக்கு யாரும் வீடியோ போடவில்லை.

தம்பி, அடுத்த முறை வந்தால் என் வீட்டில் தங்குங்கள். தாத்தாவையும் கூட்டிக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போவோம். அவருக்கு இப்போது முழங்கால் வலி, மெதுவாகத்தான் நடப்பார்.