கறிக்கடைக்காரரை விடுங்கள், அண்டாவைப் பாருங்கள்

கிடாவெட்டுக் குழம்பு சாப்பிட்டவர்களுக்குப் பேதியானதற்குக் கறி கொடுத்த கடைக்காரர்மேல் பழி போடுகிற அந்த வீடியோவை இன்று காலையிலும் ஒருவர் எனக்கு அனுப்பியிருக்கிறார். "டாக்டர், நீங்க ஆட்டுக்கறியில இருக்கிற கிருமியைத்தானே ஆராய்ச்சி பண்ணுனீங்க, இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று. எந்த வீடியோ, எந்த ஊர்க் கிடாவெட்டு என்று மதுரையைச் சுற்றி இருப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஊர்ப் பெயரையும் கடைப் பெயரையும் இங்கே எழுதவும் மாட்டேன், அந்த மனுஷர் பட்டது போதும். கடை வாசலில் நின்று போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு "செத்த ஆட்டை அறுத்து ஊருக்கே விஷம் வெச்சிட்டான்" என்று ஒருவர் கத்துகிறார். ஷட்டர் பாதி இறங்கிக் கிடக்கிறது. உள்ளே வெட்டுக்கட்டைக்குப் பக்கத்தில், கையில் பிடித்த துண்டை என்ன செய்வதென்று தெரியாமல் கடைக்காரர் நிற்கிறார். கமெண்டில் அவருடைய மதத்தை இழுத்திருக்கிறார்கள், அவர் பிள்ளைகளைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நாள் பேசாமல் இருந்தேன், இனி முடியாது.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தப்பு கறிக்கடையில் நடக்கவில்லை. அண்டாவில் நடந்தது.

அன்றைக்கு என்ன நடந்தது என்று வரிசையாக வைத்துப் பாருங்கள். விடியற்காலையிலிருந்தே குழம்பு அடுப்பில் கொதித்தது. மதியப் பந்தியில் அடுப்பிலிருந்து கொதிக்கக் கொதிக்க அள்ளிப் பரிமாறினார்கள், ஊரே சாப்பிட்டது, ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. மிஞ்சிய குழம்பை அதே அண்டாவில் மூடி போட்டுப் பந்தலுக்கு அடியில் வைத்தார்கள். ராத்திரி பந்தல் பிரிக்க வந்தவர்களும், ஊருக்குக் கிளம்பாத சொந்தக்காரர்களும் லேசாகச் சூடு காட்டிச் சாப்பிட்டார்கள், சிலர் தூக்குவாளியில் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுக்குத்தான் மறுநாள் விடியும்போது வயிற்றைப் பிடுங்கும் வலி, பேதி. அதே ஆடு, அதே கடை, அதே அண்டா. காலையில் அந்தக் கடையில் வீட்டுக்குக் கறி வாங்கிப்போனவர்கள் இருக்கிறார்களே, அவர்களில் யாருக்காவது ஏதாவது ஆனதா? செத்த ஆட்டைப் போட்டிருந்தால் மதியம் சாப்பிட்ட வாய்க்கும் அதுதானே போயிருக்கும்? வீடியோ எடுத்தவருக்கு இந்தக் கேள்வி ஏன் வரவில்லை?

எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்து வயிற்றுவலி, பேதி. காய்ச்சல் இல்லை, வாந்தி அநேகமாக இல்லை, ஒரு நாளில் அடங்கிவிட்டது. கால்நடை மருத்துவமோ உணவு நுண்ணுயிரியலோ படித்த யாரிடம் கேட்டாலும் முதலில் சொல்லும் பெயர் கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ். நான் வருடக்கணக்கில் உட்கார்ந்து பார்த்த கிருமி. ஆட்டுக் குடலில் இருக்கும், மாட்டுக் குடலில், கோழிக் குடலில் இருக்கும், மண்ணில் இருக்கும், நம் வயிற்றிலும் இருக்கும். இதன் ஸ்போர், அதாவது விதை மாதிரி கெட்டி உறைக்குள் உறங்குகிற வடிவம், கொதிக்கிற குழம்பிலும் சாகாது. கோடை முழுக்கக் கரிசலில் காய்ந்து கிடந்துவிட்டு முதல் மழைக்கு முளைக்கிற கோரைக்கிழங்கு மாதிரி, சூடு தணியும்வரை சும்மா கிடக்கும். கொதித்ததில் காற்றும் வெளியேறிவிடும், ஆக்சிஜன் இல்லாத இடம்தான் இதற்குப் பிடித்த இடம். குழம்பு 50 டிகிரிக்குக் கீழே இறங்கியதும் முளைத்துப் பெருக ஆரம்பிக்கும். 43 முதல் 47 டிகிரி வரை இதற்குக் கொண்டாட்டம், பத்து நிமிடத்துக்குள் ஒன்று இரண்டாகிவிடும். மேலே இரண்டு விரல்கடை எண்ணெய் மிதக்கிற ஒரு பெரிய அண்டா, மூடியும் போட்டு, மதுரை வெயிலில் எத்தனை மணி நேரம் அந்தச் சூட்டிலேயே நிற்கும் என்று நீங்களே யோசியுங்கள். சாயங்காலத்துக்குள் ஒரு கிராம் குழம்பில் பத்து லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிடும். அதை உயிரோடு விழுங்கினால், குடலுக்குள் போய் மறுபடி ஸ்போராக மாறும்போது நச்சை விடுகிறது. நச்சு நம் வயிற்றுக்குள்தான் உருவாகிறது. இதில் கறி வெட்டியவர் எங்கே வருகிறார்?

"நீங்களே மதுரைக் கறிக்கடைகள்ல கிருமி இருக்குன்னு பேசுனீங்களே" என்று ஒருவர் என் பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட்டைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். ஆமாம், பேசினேன். கடை கடையாகப் போய் ஸ்வாப் எடுத்திருக்கிறேன், அறுக்கும் இடத்தில் நின்று குடல் சாம்பிள் எடுத்திருக்கிறேன். காற்றுப் போகாத ஜாடியில் ஒரு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் திறந்தால் தட்டில் மிளகு மிளகாகக் கருப்புக் காலனிகள், அதாவது கிருமிக் கூட்டங்கள், நிற்கும். அதில் ஒன்றை எடுத்து லிட்மஸ் சாயம் கலந்த பாலில் விட்டால் பால் திரிந்து, உள்ளே கிளம்பும் வாயு அந்தத் தயிரைக் கிழித்துக் குழாயின் பஞ்சு வரை தள்ளும். பார்த்தவர்களுக்கு அது மறக்காது. ஆனால் அதற்கப்புறம்தான் வேலையே. அந்தக் காலனிக்கு உணவு நஞ்சாக்கும் நச்சை உண்டாக்கும் ஜீன் இருக்கிறதா என்று பிசிஆர் என்கிற மரபணுச் சோதனையில் பார்க்க வேண்டும். பெரும்பாலானவற்றில் இருக்காது, மிகச் சில திரிபுகளில்தான் இருக்கும். 2018-இல் இந்தக் கிருமியை வகைப்படுத்தும் முறையையே ஏ முதல் ஜி வரை என்று விரித்து, இந்த ஜீன் உள்ளவற்றை எஃப் வகை என்று தனியாகவே பிரித்துவிட்டார்கள். பச்சைக்கறியில் பெர்பிரின்ஜென்ஸ் கிடைத்தது என்பதும் அந்தக் கறி விஷம் என்பதும் ஒன்று இல்லை. என் வேலையை எடுத்து, நான் சொல்லாததைச் சொன்னதாக்கி, ஒரு ஏழை மனுஷர் தலையில் அடிக்கிறீர்கள். எனக்கு வலிக்கிறது ஐயா. அந்தச் சாம்பிள்களைக் கொடுத்ததே இந்த மாதிரிக் கடைக்காரர்கள்தான். "எதுக்குத் தாயி, ஏதாவது பிரச்சினை வருமா?" என்று கேட்டார்கள். வராது அண்ணே என்று சொல்லித்தான் வாங்கினேன்.

இந்த இடத்தில் என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்குப் பேரையூர்ப் பக்கம், அப்பா செம்மறி வைத்திருந்தார். நான் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஒரு நாள் சோளம் அறுத்த காட்டில் கிடை ஆடுகள் புகுந்து சிந்திக்கிடந்த கதிரை வயிறு முட்ட மேய்ந்துவிட்டன. மறுநாள் காலையில் கொழுகொழுவென்று இருந்த கிடாக்குட்டி ஒன்று துள்ளி விழுந்தது. கழுத்தைப் பின்னால் வளைத்து, காலை உதைத்து உதைத்து, நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. அப்புறம் அடுத்தது, அதற்கடுத்தது. நோஞ்சான் குட்டிகளுக்கு ஒன்றுமில்லை, நன்றாகத் தேறியவைதான் போயின. காட்டுக்காரர் மருந்து வைத்துவிட்டார் என்று அப்பா அரிவாளோடு போனார். நடுவில் நாலு பேர் விழுந்து தடுத்ததால் உயிர்ச்சேதம் இல்லை. பிற்பாடு கால்நடை மருந்தகத்திலிருந்து டாக்டர் வந்து ஒன்றை அறுத்துப் பார்த்தார், சிறுநீரகத்தில் விரலை வைத்தால் கூழாகப் போனது. துள்ளுமாரி என்றார். இதே கிளாஸ்ட்ரிடியம் பெர்பிரின்ஜென்ஸ்தான், அதில் டி வகை. அளவுக்கு மீறித் தின்ற தானியம் குடலில் சேர்ந்ததும் ஏற்கெனவே அங்கே இருக்கிற கிருமி பெருகி எப்சிலான் நச்சை விட்டுவிடும். மழைக்காலத்துக்கு முன்னால் ஒரு ஊசி போட்டிருந்தால் பிழைத்திருக்கும், நம் ராணிப்பேட்டை கால்நடை நோய்த்தடுப்பு மருந்து நிறுவனத்திலேயே தயாராகிற தடுப்பூசி அது. காட்டுக்காரர் நிரபராதி. ஆனால் இரண்டு வீட்டுக்கும் பேச்சுவார்த்தை திரும்ப வரவே இல்லை, அவர் மகள் கல்யாணத்துக்குக்கூட எங்களுக்குப் பத்திரிகை வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத ஒன்று செய்த வேலைக்குக் கண்ணுக்குத் தெரிகிற மனுஷனைப் பிடித்து அடிப்பதை நான் அந்த வயதிலேயே எங்கள் வீட்டு வாசலில் பார்த்துவிட்டேன். நான் கால்நடை மருத்துவம் படிக்கப் போனதற்கும் அதுதான் காரணம்.

"எங்க தாத்தா காலத்துல ரெண்டு நாள் வெச்சு சாப்பிட்டோம், ஒண்ணும் ஆகல" என்கிறவர்களுக்கு. உங்கள் அப்பத்தா அந்தக் குழம்பைச் சும்மா வைக்கவில்லை. ராத்திரி ஒரு தடவை, காலையில் ஒரு தடவை தளதளவென்று கொதிக்கவிட்டார், சுண்டச் சுண்ட எடுத்தார். அப்படிக் கொதிக்கும்போது முளைத்து நிற்கிற கிருமி செத்துவிடும், ஸ்போர் மட்டும் மிஞ்சும், அது மறுபடி முளைத்துப் பெருகினாலும் அடுத்த கொதியில் செத்துவிடும். அதுவும் நாலு பேருக்கான சட்டி, சீக்கிரம் ஆறும். உப்புக்கண்டம் போட்டார்களே, உப்பும் வெயிலும் கறியில் இருந்த ஈரத்தை எடுத்துவிட்டபின் இந்தக் கிருமியால் அங்கே ஒன்றும் செய்ய முடியாது. அவர்கள் பார்த்துப் பார்த்துச் செய்ததை நாம் விட்டுவிட்டு அவர்கள் பெயரை மட்டும் சாட்சிக்கு இழுக்கிறோம். பல நூறு பேருக்கு ஆக்கிய அண்டாவுக்கு அடியில் நாலு கங்கைத் தள்ளிக் கை பொறுக்கிற சூடு காட்டுவது கொதிக்கவைப்பது ஆகாது. அந்த வெதுவெதுப்பு கிருமிக்குத்தான் நல்லது.

"அப்ப கறிக்கடை எல்லாம் சுத்தமா இருக்கா?" என்று கேட்பீர்கள். இல்லை. ரோட்டோரம் மரத்தில் தொங்கவிட்டு உரிப்பதை நானும் ஆதரிக்கவில்லை, குடல் கிழிந்து கறியில் படக்கூடாது, அதைப் பற்றித் தனியாக எத்தனையோ தடவை எழுதிவிட்டேன். ஆனால் உலகத்திலேயே சுத்தமான அறுவைக்கூடத்தில் வெட்டிய கறியாக இருந்தாலும் அந்த அண்டாவில் அத்தனை மணி நேரம் வைத்தால் இதேதான் நடக்கும். அமெரிக்காவில் இல்லாத வசதியா? அங்கேயே வருடத்துக்குப் பத்து லட்சம் பேர் வரை இந்தக் கிருமியால் அவதிப்படுகிறார்கள் என்று அவர்களுடைய நோய்க்கட்டுப்பாட்டு மையமே கணக்குச் சொல்கிறது. அதிகமாக வருவது விருந்து நடக்கும் நவம்பர், டிசம்பரில். பெரிய பாத்திரத்தில் ஆக்கி மெதுவாக ஆறவிட்ட கறிதான் காரணம் என்று இங்கிலாந்தில் பெட்டி ஹாப்ஸ் என்ற பெண் விஞ்ஞானி 1953-இலேயே நிறுவிவிட்டார். பப்புவா நியூ கினியின் மலைக்கிராமங்களில் பன்றி வெட்டி ஊர்விருந்து வைப்பார்கள், அங்கே இதே கிருமியின் சி வகை குடலை அழுகவைத்துக் குழந்தைகளைக் கொன்றது. 1960-களில் ஆராய்ச்சியாளர்கள் அந்த மலைக்கே போய் உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தார்கள், பிறகு தடுப்பூசியும் வந்தது. விருந்து வைக்காதே என்று யாரும் அவர்களிடம் சொல்லவில்லை. நானும் கிடாவெட்டை நிறுத்தச் சொல்லவில்லை. "டாக்டரம்மா சாமி காரியத்துல தலையிடாதீங்க" என்று எழுதியவர் தயவுசெய்து இந்த வரியைப் படிக்கவும்.

எனக்குப் பெரிய ஆத்திரம் வேறொன்றில். தகவல் போய் விசாரிக்கிற ஆட்கள் வந்து சேர்வதற்குள் அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக் கவிழ்த்தாகிவிட்டது. மிச்சக் குழம்பில் ஒரு கரண்டிகூட யாரும் எடுத்து வைக்கவில்லை. பேதியானவர்களின் மல மாதிரியை இரண்டு நாளுக்குள் எடுத்திருக்க வேண்டும், அதுவும் எடுக்கவில்லை. வந்தவர்கள் என்ன செய்தார்கள்? நேரே கறிக்கடைக்குப் போய்ப் பச்சைக்கறியை ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போனார்கள். அதில் பெர்பிரின்ஜென்ஸ் கிடைக்கலாம், மதுரையில் எந்தக் கடையில் எடுத்தாலும் கிடைக்கலாம். ஜீன் இருக்கிறதா என்று பார்க்காமல் "கிருமி உறுதி" என்று ஒரு தாள் வந்துவிட்டால் அவர் கதி என்ன? சாட்சியைக் கழுவிவிட்டு ஆளைப் பிடிப்பது எந்த ஊர் நியாயம்? பேதியாகிக் கிடந்தவர்களில் எனக்குத் தெரிந்த பெரியவர் ஒருவரும் உண்டு, சர்க்கரை நோயாளி, அவர் வீட்டில் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். அவர்களுக்காகவும்தான் சொல்கிறேன். உண்மையான காரணத்தை விட்டுவிட்டால் அடுத்த கிடாவெட்டில் இன்னொரு அண்டா இதையே செய்யும், அப்போது யார் கடையை மூடுவீர்கள்?

பங்குனியில் நம் பக்கம் எத்தனை கோயிலில் கறிச்சோறு என்று எனக்குத் தெரியும். சமையல்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். பரிமாறி முடிகிறவரை அடுப்பில் தீ இருக்கட்டும், குழம்பு 60 டிகிரிக்குக் கீழே இறங்கக்கூடாது. மிஞ்சினால் உடனே அகலமான தாம்பாளங்களிலும் சின்னப் பாத்திரங்களிலும் ஊற்றி, மூடாமல் விசிறி போட்டு ஆறவைத்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். அந்த வசதி இல்லையா, மதியமே பகிர்ந்து கொடுத்துத் தீர்த்துவிடுங்கள். ராத்திரிக்கு வைக்கவே வேண்டாம். மறுபடி சாப்பிடுவதாக இருந்தால் நடுக்குழம்பும் கொதித்துக் குமிழி விட வேண்டும், ஓரம் கொதித்தது கணக்கில்லை. என்னைக் கூப்பிட்டால் தெர்மாமீட்டரோடு நானே வந்து அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன், பைசா வேண்டாம்.

வீடியோ போட்டவர் அதை எடுக்க வேண்டும். அவருக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை, விளக்கி மெசேஜும் போட்டுவிட்டேன், படித்ததற்கான அடையாளம் இருக்கிறது, பதில் இல்லை. கடை இன்னும் திறக்கவில்லை. இந்தப் பதிவின் கீழே கடைப் பெயரையோ அவர் மதத்தையோ எழுதுகிறவர்களின் கமெண்டை உடனே நீக்குவேன். கிருமியைப் பற்றி என்ன சந்தேகம் இருந்தாலும் கேளுங்கள், எவ்வளவு நேரம் ஆனாலும் பதில் சொல்கிறேன்.