லாவெண்டர் தொட்டி வைத்தால் கொசு வராதா?

“வாசலில் லாவெண்டர் தொட்டி வையுங்கள், கொசுவே அண்டாது” என்று சென்னையில் வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் வாட்ஸப்பில் சுற்றும் செய்தி தவறு. செடி சும்மா நின்றால் கொசு விலகாது. கொசுவுக்குப் பிடிக்காத அதன் வாசனை எண்ணெய் இலையிலும் பூவிலும் அடங்கியிருக்கிறது; கசக்கினால்தான் நன்றாக வெளிவரும். ஐரோப்பிய வீடுகளில் காய்ந்த பூவைத் துணி அலமாரியில் வைத்தது அந்துப்பூச்சிக்காக. அப்புறம், அது மத்திய தரைக்கடல் ஓரத்து வறண்ட மண்ணின் செடி. நம் கடலோரப் புழுக்கத்தில் எளிதில் அழுகிவிடும்.

நொச்சியும் அப்படித்தான். தணலில் போட்டால் புகை இருக்கும்வரை கொசு குறையும், அவ்வளவுதான்.

டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு பகலில் கடிக்கும், தேங்கிய நல்ல தண்ணீரில் முட்டையிடும். லாரித் தண்ணீர் பிடித்துவைக்கும் டிரம்மை மூடியே வையுங்கள். வாரம் ஒருமுறை காலிசெய்து உள்சுவரைத் தேய்த்துக் கழுவுங்கள்; நீர்மட்டத்தை ஒட்டி அங்கேதான் முட்டை ஒட்டியிருக்கும்.